கணினிக் கேள்வி-பதில்: மடக்கை அச்சில் விலகி நிற்கும் கோடு

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். ‘ஆர்’ நிரல்மொழியின் ‘மாஸ்’ தொகுப்பிலுள்ள ‘அனிமல்ஸ்’ தரவை, அதாவது 28 விலங்கினங்களின் உடல் எடையையும் மூளை எடையையும், மடக்கை அச்சுகளில் வரைந்தேன். இரண்டுக்கும் மடக்கை எடுத்துப் பொருத்திய தொடர்புப் போக்குக் கோட்டை, நேர்கோடு வரையும் ‘ஏப்லைன்’ கட்டளையால் சேர்த்தால், அது புள்ளிகளுக்கு வெகு மேலே நிற்கிறது. பிழை எங்கே?
— வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: உங்கள் பொருத்தத்தில் பிழையில்லை, மடக்கையின் அடிமானம்தான் முரண்படுகிறது. ‘ஆர்’ மொழியில் ‘லாக்’ என்று மட்டும் எழுதினால் அது இயற்கை மடக்கை, அதாவது ஏறத்தாழ 2.718ஐ அடிமானமாகக் கொண்டது. ஆனால், அச்சுகள் மடக்கை அளவில் இருக்கும்போது ‘ஏப்லைன்’ தனக்குத் தரப்படும் வெட்டுத்துண்டை (கிடை அச்சின் மடக்கை மதிப்பு சுழியமாகும் இடத்தில் கோட்டின் உயரம்) அடிமானம் 10 கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறது. இரு பக்கமும் ஒரே அடிமானம் இருக்கும்வரை சாய்வு மாறாது என்பதால், கோட்டின் சரிவு சரியாகத் தோன்றி உங்களைக் குழப்பியிருக்கும். இத்தரவில் கிடைக்கும் வெட்டுத்துண்டு ஏறத்தாழ 2.555. அதை 10இன் இயற்கை மடக்கையான 2.3026ஆல் வகுத்தால் 1.11 வரும். ஒன்றின் மடக்கை சுழியம் என்பதால், இதன் பொருள்: ஒரு கிலோகிராம் எடையுள்ள விலங்குக்கு ஏறத்தாழ 13 கிராம் மூளை. வகுக்காமல் விட்டதால் உங்கள் கோடு அதே விலங்குக்கு 359 கிராம் என்கிறது! வகுப்பதைவிட, தொடக்கத்திலேயே ‘லாக்10’ கொண்டு பொருத்துவதே மேல் என்பேன். பின்னாளில் நிரலைத் திறப்பவருக்கு 2.3026 எங்கிருந்து வந்தது என்பது எளிதில் விளங்காது.

மடக்கை எடுக்காமல் எடைகளுக்கே நேர்கோடு பொருத்தியிருந்தால், வெட்டுத்துண்டு சுழியமாக இருந்தாலொழிய, அது இந்த அச்சுகளில் வளைகோடாகவே தெரிய வேண்டும். அதற்கு ‘ஏப்லைன்’ கட்டளையில் ‘யுஎன்டிஎஃப்’ என்னும் தெரிவை ‘ட்ரூ’ என்று அமைக்க வேண்டும்.

கோடு இடத்துக்கு வந்ததும் படத்தின் வலப்பக்கத்தைக் கவனியுங்கள். கூட்டத்துக்குக் கீழே தனித்து நிற்கும் மூன்று புள்ளிகளும் டைனோசர்கள். 6,654 கிலோகிராம் எடையுள்ள ஆப்பிரிக்க யானைக்கு 5,712 கிராம் மூளை இருக்க, 87,000 கிலோகிராம் எடையுள்ள பிராக்கியோசாரஸுக்கு 154.5 கிராம்தான். இம்மூன்றும் சேர்ந்து சாய்வை ஏறத்தாழ 0.5க்கு இழுத்துவிடுகின்றன, நீக்கிவிட்டுப் பொருத்தினால் அது 0.75ஐ ஒட்டி வரும். ஓசைப்படாமல் நீக்கிவிடாதீர்கள். இரு கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்து, எது எந்தத் தரவுக்கு உரியது என்று குறிப்பிட்டுச் சமர்ப்பியுங்கள்.