அம்மாவின் சிவப்பு ஐசியும் கர்த்தருடைய வேளையும்

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அம்மா இங்கே பக்கத்துத் தோட்டத்தில் 1955-ல் பிறந்தவர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், மருத்துவச்சி பார்த்த பிரசவம். பிறப்பை யாரும் பதியவில்லை. காலமெல்லாம் பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர் கையில் இன்றைக்கும் சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. அப்பாவுக்குக் குடிமக்களின் நீல ஐசி இருந்ததால் பிள்ளைகள் எங்களுக்குச் சிக்கல் இல்லை. அம்மாவின் குடியுரிமை மனு இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. மூன்றாவது மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

சபையில் இதற்காக ஜெபிக்கக் கேட்டேன். ஒரு மூத்த சகோதரி, "கர்த்தருடைய வேளை வரும், நீ ஏன் அலைகிறாய்? அலைவது அவிசுவாசம்" என்றார். இன்னொருவர், "நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறதே, இந்த அட்டை எதற்கு?" என்றார். புத்தாண்டு ஆராதனையில் அம்மாவுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11, எதிர்பார்க்கும் முடிவைக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம். இதற்கிடையில் ஒரு ஏஜெண்டு, பணம் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நான் காத்திருக்க வேண்டுமா, அலைய வேண்டுமா? சில இரவுகளில் கோபத்தோடுதான் ஜெபிக்கிறேன். அது பாவமா?

ஒரு வாசகி


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மாவின் வயதில் சிவப்பு ஐசியோடு இருப்பவர்கள் நம் தோட்டப்புறங்களில் பலர். இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே உழைத்து முதிர்ந்தவர்கள். தேர்தல் நாளில் பிள்ளைகள் ஓட்டுப் போடக் கிளம்பும்போது அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற நெருக்கடியில் ஆயிரக்கணக்கானோர் தாங்கள் பிறந்த தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். உங்கள் அம்மா ஏறவில்லை. இங்கேயே இருந்தார். இப்படிப்பட்டவரைப் பார்த்து "இந்த அட்டை எதற்கு?" என்று கேட்க யாருக்கும் மனம் வரக்கூடாது.

நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறது என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியது பிலிப்பி சபைக்கு. அதே பிலிப்பியில்தான் அவரை விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள், போகலாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னபோது பவுல் போகவில்லை. நாங்கள் ரோமர், எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு இப்போது இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். அதிகாரிகள் வந்தார்கள், வேண்டிக்கொண்டார்கள். அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்தில் இருக்கிறது. பரலோகக் குடியுரிமையைப் பற்றி எழுதிய அதே மனிதர் பூமியின் குடியுரிமையை ஒரு பொருட்டாக மதித்தார், தேவைப்பட்ட இடத்தில் வாய் திறந்து சொன்னார். உங்களிடம் அந்த வசனத்தைச் சொன்னவரிடம் சண்டை போட வேண்டாம். ஆனால் அந்த வசனத்தின் பாரத்தை அம்மாவின் தலையில் ஏற்ற வேண்டாம் என்று அன்பாகச் சொல்லுங்கள்.

சரி, கர்த்தருடைய வேளைக்கு வருகிறேன். இதே பவுல் பிற்பாடு செசரியாவில் காவலில் இருந்தார். தேசாதிபதி பேலிக்ஸ் அவருடைய வழக்கை முடிக்காமல் இழுத்தான். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, இரண்டு வருஷம். ஏன் இழுத்தான் என்பதை, அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார்: பவுல் பணம் கொடுப்பான் என்று பேலிக்ஸ் எதிர்பார்த்தான், அதற்காகவே அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான். கடைசியில் பதவி மாறிப் போகும்போதும், யூதருக்குத் தயவுசெய்ய விரும்பி, பவுலைக் காவலிலேயே விட்டுப்போனான். அந்த இரண்டு வருஷத்துக்கு லூக்கா கர்த்தருடைய வேளை என்று பெயர் வைக்கவில்லை. ஒரு அதிகாரியின் பண ஆசை என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். உங்கள் சபை மூத்தவர்கள் இந்த இடத்தைத்தான் நிதானமாக வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு கோப்பு மேசையில் கிடப்பது மனிதர் செய்யும் தாமதம். அதைத் தூக்கிக் கர்த்தர் கணக்கில் எழுதினால், செய்ய வேண்டியவர்களைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம், அவர் செய்யாத தாமதத்துக்குக் கர்த்தரைப் பொறுப்பாக்குகிறோம்.

அப்படியானால் கர்த்தர் எங்கே? பவுல் செசரியாவுக்கு வருமுன்பே, எருசலேமில் பிடிபட்ட நாட்களில், ஒரு இராத்திரி கர்த்தர் அவர் அருகே நின்று, திடன்கொள், ரோமாவிலும் நீ சாட்சிகொடுக்கவேண்டும் என்றார். அந்த வாக்கு கையில் இருந்தும் பவுல் இரண்டு வருஷம் அடைபட்டுக் கிடந்தார். வாக்கு இருக்கிறதே என்று சும்மாவும் இருக்கவில்லை. புதிய தேசாதிபதி பெஸ்து வந்ததும், இராயனுக்கு (ரோமப் பேரரசனுக்கு) அபயமிடுகிறேன் என்று மேல்முறையீடு செய்தார். அந்த முறையீடுதான் அவரை ரோமாவுக்குக் கொண்டுபோனது. கர்த்தர் சொன்னது நிறைவேறியதும் பவுல் மனுப் போட்டதும் வேறு வேறு வழியில் போகவில்லை. ஆகவே நீங்கள் மனு விஷயமாக ஈப்போவுக்கு எத்தனை முறை பஸ் ஏறினாலும் அது அவிசுவாசம் ஆகாது. பால் மரக் கன்றை நட்டால் கத்தி வைக்க ஆறேழு வருஷம் ஆகும் என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அதுவரை களை எடுக்காமல் காத்திருந்த தோட்டத்தை உங்கள் அம்மா பார்த்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பொறுமை எங்கே வேண்டும் என்றால், அந்த ஏஜெண்டு விஷயத்தில் வேண்டும். பவுல் பேலிக்ஸுக்குப் பணம் கொடுத்ததாக வேதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் கதவு திறந்திருக்கலாம். அவர் கொடுக்காமல், கூப்பிட்டபோது அவனிடம் நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசினார். எனக்கு நீடிய பொறுமை என்றாலே நினைவுக்கு வருவது இந்த இரண்டு வருஷம்தான். ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பணம் போவது ஒருபுறம், போலிப் பத்திரம் எதையாவது சேர்த்துவிட்டால் அம்மாவின் உண்மையான மனுவும் கெட்டுப்போகும்.

உங்கள் அம்மா கேட்பது சலுகை இல்லை. சுதந்திர நாளுக்கு முன் மலாயாவில் பிறந்தவர்கள் பதிவின் மூலம் குடியுரிமை பெறக் கூட்டரசு அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், மனுவுக்கு முந்தைய ஏழு வருஷத்தில் மொத்தம் ஐந்து வருஷமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், இங்கேயே நிலையாக வாழும் எண்ணமும் நன்னடத்தையும் அடிப்படை மலாயும் வேண்டும். அம்மாவிடம் இல்லாதது ஒன்றுதான்: இங்கே பிறந்தார் என்பதற்கான தாள். இதில் சபை செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அம்மா குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கலாம். போதகரிடம் கேட்டு, கிடைத்தால் சான்று எடுத்த பிரதி வாங்குங்கள். தோட்டம் கைமாறியிருந்தாலும் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு), தோட்டப் பள்ளிக்கூடப் பதிவு எங்காவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். அம்மா பிறந்தபோது அதே லயத்தில் இருந்த பெரியவர்கள் இன்னும் உயிரோடு இருந்தால் தாமதிக்காமல் அவர்களிடம் சத்தியப் பிரமாணம் எழுதி வாங்குங்கள். இந்தக் காரியத்தில் மட்டும் அவசரப்படுங்கள். நேர்காணலில் மலாயில் கேட்பார்கள். இளையோர் ஐக்கியத்தில் இருக்கும் பிள்ளைகள் வாரம் ஒரு நாள் அம்மாவோடு உட்கார்ந்து மலாயில் பேசிப் பழக்கட்டும். இதுவும் ஜெபத்துக்குப் பதில்தான்.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றி. எரேமியா 29:11-க்கு முந்தைய வசனத்தையும் வாசியுங்கள்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறினபின்பு என்று, அங்கே சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்று ஜனங்களுக்கு இனிப்பாகச் சொன்னான். கர்த்தர் அவனை அனுப்பவில்லை. இந்த வருஷமே நீல ஐசி வரும் என்று யாராவது மேடையில் உங்கள் அம்மாவுக்குத் தீர்க்கதரிசனம் சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். நானும் அப்படி எழுத மாட்டேன். அம்மாவின் ஆயுளுக்குள் வரவேண்டும் என்று நானும் ஜெபிக்கிறேன், ஆனால் தேதி சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த எழுபது வருஷத்துக்காரர்களுக்குக் கர்த்தர் சொன்னது, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பதுதான். உங்கள் அம்மா காகிதம் வருவதற்கு முன்பே அத்தனையும் செய்து முடித்திருக்கிறார். அவருடைய விசுவாசத்தை யாரும் சோதிக்கத் தேவையில்லை.

கோபம் பாவமா என்று கேட்டீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. அதை வேதத்துக்குள் வைத்தவர் உங்கள் இராத்திரி ஜெபத்தைத் தள்ளமாட்டார். கோபத்தை அவரிடமே கொண்டுபோகிறீர்களே, அப்படியே செய்யுங்கள். வார்த்தையைத் திருத்திக்கொண்டு போகவேண்டாம்.

அடுத்த முறை அலுவலகத்துக்குப் போகும்போது அம்மாவும் நீங்களும் மட்டும் போகாதீர்கள். போதகரையோ மூப்பரையோ கூட வரச் சொல்லுங்கள். உங்களை அலையாதே என்று சொன்ன அந்தச் சகோதரியையும் கூப்பிடுங்கள். மனு எண்ணையும் இதுவரை வந்த கடிதங்களின் நகல்களையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், நான் காத்திருப்பேன்.