குடும்பத்தோடு ஊர் சுற்றும்போது கேமரா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எந்த நகரத்துக்குப் போனாலும் நான் படம் எடுக்க நின்றுவிடுவேன், மனைவியும் பிள்ளைகளும் தெருக்கோடிக்குப் போய்விடுவார்கள். அப்புறம் "ஊர் பார்க்க வந்தீங்களா, போட்டோ எடுக்க வந்தீங்களா?" என்று ஒரு கேள்வி வரும். இரண்டும் நடக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான், அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சம் வரட்டும் என்று ஒரே முனையில் அரைமணி நேரம் நிற்பதெல்லாம் தனியாகப் போகிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். நீங்கள் நிற்கிற இடத்தில் குடும்பத்தை நிறுத்தாதீர்கள், குடும்பம் நிற்கிற இடத்தில் நீங்கள் எடுங்கள். ஒரு நாளில் எத்தனை தடவை நிற்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? டிக்கெட் வரிசை, கழிப்பறை வாசல், அவிழ்ந்துபோன ஷூ லேஸ், மூட்டுவலிக்காரப் பெரியவர்கள் உட்காருகிற பெஞ்சு, சிக்னல், அப்புறம் வழி தெரியாமல் மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அந்தப் பத்து நிமிடம். தனியாக வந்திருந்தால் இந்த இடங்களில் நின்றே இருக்க மாட்டீர்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். பெயர்பெற்ற கோபுரத்தடியில் நிற்பவர்கள் எல்லாம் உங்களைப் போல வெளியூர்க்காரர்கள்.

கழிப்பறை வாசலில் காத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். எதிர்ச் சுவரில் வெயில் சாய்வாக விழுகிறது, பாதி வெளிச்சம், பாதி நிழல். ஆளைத் தேடாதீர்கள், வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற கோட்டை மட்டும் திரைக்குள் வைத்துக்கொண்டு வெளிச்சமான பக்கத்தில் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஏணியைத் தூக்கிக்கொண்டோ சைக்கிளை உருட்டிக்கொண்டோ அந்த வெளிச்சத்துக்குள் நடந்து வருவார்கள். நிழலை விட்டு முகம் வெளியே வருகிற நொடியில் அழுத்துங்கள். உள்ளே போனவர்கள் வருவதற்குள் வேலை முடிந்திருக்கும், யாருக்கும் கோபமும் இல்லை.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு நல்ல படம் எங்கே எடுப்பது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்கிற பெயர் விவியன் மையர். அமெரிக்காவில் சிகாகோ பக்கம் பல பத்தாண்டுகள் வீட்டோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண்மணி. அந்தக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நகருக்குள் நடந்தபடியே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்திருக்கிறார். 2007-ல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது, 2009-ல் அவரும் போய்விட்டார். கழுத்தில் ரோலிஃப்ளெக்ஸ் தொங்கும். வயிற்றருகே வைத்து மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற கேமரா அது. கிட்டத்தட்ட ஒரு குழந்தையின் கண் உயரம். நீங்களும் போனை இடுப்புயரத்துக்கு இறக்கிப் பாருங்கள், தெருவே வேறு மாதிரி நிமிரும்.

தனியாகத்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்தால் விடியற்காலை இருக்கிறது. எல்லோரும் தூங்கும்போது ஒரு மணி நேரம் போய்வாருங்கள். வெயில் தாழ இருக்கும், கூட்டம் இருக்காது. இந்த ஏற்பாட்டை மட்டும் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

கேள்வி: கையில் செல்போன் மட்டும்தான் இருக்கிறது. பயணத்துக்காகக் கேமரா வாங்கலாமா?

பதில்: பயணத்துக்கு முந்தின வாரம் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். பட்டன் பழகுவதிலேயே ஊர் போய்விடும். செல்போனின் முக்கிய லென்ஸ் பெரும்பாலும் பெரிய கேமராவின் 24 முதல் 26 மில்லிமீட்டர் லென்ஸ் அளவுக்கு அகலமாகப் பார்க்கும், தெருவுக்கு அது தாராளம். படம் எடுக்குமுன் லென்ஸைத் துடையுங்கள். பகலிலும் படம் பனி மூடினாற்போல மங்கலாக வந்தால் பாதி நேரம் விரல் பிசுக்குதான் காரணம், இதற்குப் போய்ப் புதுப் போன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். விரல்களால் விரித்து ஜூம் செய்யும் பழக்கத்தையும் கைவிடுங்கள். திரையில் தனியாக 2 மடங்கு, 3 மடங்கு பட்டன் இருந்தால் அதை மட்டும் தட்டுங்கள், இல்லாவிட்டால் நாலு எட்டு நடங்கள்.

கேள்வி: எல்லாப் படத்திலும் எங்கள் குடும்பம் கட்டடத்தின் கீழே எறும்பு வரிசைபோல நிற்கிறது. கிட்டே போனால் கட்டடம் துண்டாகிவிடுகிறது.

பதில்: எல்லோரும் கட்டடத்தின் காலடியில் போய் நிற்பதால் வருகிற வினை இது. கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அதன் அளவுக்கேற்பச் சிறுத்துத்தான் தெரிவார்கள், எந்த லென்ஸும் உதவாது. கட்டடத்தை விட்டு நன்றாகத் தள்ளி வாருங்கள், சாலையின் இந்தப் பக்கம் வரைக்கும்கூட. குடும்பத்தை உங்களுக்கு முன்னால் ஏழெட்டு அடியில் நிறுத்தினால் அவர்கள் பெரிதாகவும் பின்னால் கட்டடம் முழுசாகவும் இருக்கும். கட்டடம் ரொம்பச் சிறிதாகத் தெரிகிறதா? நீங்கள் இன்னும் பின்னால் போய் 2 மடங்கு லென்ஸைப் போடுங்கள். ஆட்கள் பழைய அளவிலேயே இருப்பார்கள், கட்டடம் மட்டும் அவர்களை நோக்கி வளர்ந்து நிற்கும். இதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் திரும்பக் காலடிக்குப் போவதில்லை. போனை அண்ணாந்து சாய்த்தால் கோபுரம் பின்பக்கம் விழுவதுபோல வரும், நேராகப் பிடித்துக்கொண்டு தேவையில்லாத தரையைப் பிறகு வெட்டிவிடலாம். அகலக் கோண லென்ஸில் யாரையும் ஓரத்தில் நிறுத்தாதீர்கள், முகம் இழுபட்டுப்போகும். அப்படி ஓரத்தில் நின்ற அத்தையிடம் காலம் முழுக்கப் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, "சிரி, சிரி" என்பதை விட்டுவிடுங்கள். எல்லோரும் கேமராவைப் பார்க்கிற படம் ஓர் இடத்துக்கு ஒன்று போதும். அவர்கள் அந்த இடத்தைப் பார்ப்பதை எடுத்தால்தான் பின்னாளில் அங்கே என்ன இருந்தது என்று தெரியும்.

கேள்வி: ராத்திரி நகரம் கண்ணுக்கு அழகாக இருக்கிறது, படத்தில் விளக்கெல்லாம் வெள்ளையாக எரிந்து, வானம் கறுத்து, பிள்ளைகள் கலங்கிப்போய் வருகிறார்கள். ஏன்?

பதில்: நேரம் கடந்து எடுக்கிறீர்கள். சூரியன் மறைந்தபின் வானம் கருநீலமாக இருக்கிற கொஞ்ச நேரம்தான் நகர விளக்குகளுக்கு ஏற்ற நேரம், அப்போது வானத்தின் வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக வரும். பூமத்தியரேகைப் பக்கத்து ஊர்களில் இது இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், வடக்கே போகப்போகக் கோடையில் வெகுநேரம் நீளும். எனவே சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தை அதற்கேற்ப முன்னே பின்னே தள்ளிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கலங்குவது வேறு கதை. இரவுப் பயன்முறையில் போன் பல படங்களைத் தொடர்ந்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது, அதற்குள் ஓடுகிற பிள்ளை கரைந்துவிடும். இந்தச் சங்கடம் புகைப்படக் கலையோடு பிறந்தது. 1838-ல் பாரிஸில் புகைப்பட முன்னோடி தகேர் தன் ஜன்னலிலிருந்து ஒரு சாலையை எடுத்தார். வண்டியும் ஆளுமாக நடமாட்டம் உள்ள சாலை, ஆனால் அன்று படம் பதிகிற உலோகத் தகடு பல நிமிடங்கள் ஒளி வாங்க வேண்டியிருந்ததால் நகர்ந்தவர் ஒருவரும் பதியவில்லை. பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். மனித உருவம் தெரிகிற மிகப் பழைய படம் அதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அதே வைத்தியம்: கடை விளக்கின் வெளிச்சம் முகத்தில் விழும்படி நிறுத்தி, சுவரிலோ கம்பத்திலோ சாயச் சொல்லுங்கள். ஓடுவதைத்தான் எடுக்க வேண்டும் என்றால் பகலில், நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில்.

கேள்வி: தெருவில் முன்பின் தெரியாதவர்களை எடுக்கலாமா? சட்டச் சிக்கல் வருமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும், போகுமுன் படித்துவிட்டுப் போங்கள். ஜெர்மனியில் அடையாளம் தெரியும்படியான ஒருவரின் படத்தை வெளியிடப் பொதுவாக அவர் சம்மதம் வேண்டும், 1907-லிருந்தே அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. காட்சியில் தற்செயலாக வந்து நிற்பவருக்கு விலக்கு உண்டு. கட்டடத்திலும் விநோதங்கள் இருக்கின்றன. ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம், இரவு விளக்கு அலங்காரத்துக்குக் காப்புரிமை இருப்பதால் அந்தப் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். வீட்டு ஆல்பத்துக்குக் கவலையில்லை. வாத்திகனின் சிஸ்டின் தேவாலயத்துக்குள் படமே கூடாது. அங்கே ஒளித்து எடுக்க முயல்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதுமே!

சட்டம் அனுமதித்தாலும் ஒருவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றால் போனை இறக்கிவிடுங்கள். மற்றவர்கள் வீட்டுக் குழந்தைகளை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் பிள்ளைகளின் படத்தைப் பொதுவில் போடுமுன் அதில் பதிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்குங்கள்.

கேள்வி: பதினான்கு வயது மகள் படத்துக்கு நிற்கவே மாட்டேன் என்கிறாள். கெஞ்சியும் பார்த்தாச்சு.

பதில்: கெஞ்சாதீர்கள், போனை அவளிடம் கொடுங்கள். "இன்று மஞ்சள் நிறம் மட்டும்" என்றோ "கதவுகள் மட்டும்" என்றோ ஒரு வேலை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வீட்டில் உள்ள மற்றவர்களும் சேரலாம். சாயங்காலம் எல்லோருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே தெருவில் நாலு பேர் நாலு ஊரைப் பார்த்திருப்பது தெரியும். முகம் காட்டப் பிடிக்காதவர்களை முன்னால் நடக்கவிட்டு முதுகைச் சேர்த்துத் தெருவை எடுக்கலாம், ஆனால் எடுத்ததை அவளிடம் காட்டி, அவள் அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள்.

கேள்வி: பவர் பேங்கைப் பெட்டிக்குள் போட்டு விமானத்தில் அனுப்பலாமா?

பதில்: கூடாது, கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை, 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான். ஃபிலிம் ரோல் எடுத்துப் போகிறவர்கள் அதையும் கையிலேயே வைத்துக்கொண்டு, ஸ்கேனருக்குள் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், பையைச் சுற்றிலும் எக்ஸ்ரே எடுக்கிற புதிய சிடி (CT) ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும்.