பர்ஃபெக்ட் டார்க்கில் நான்கு பேருக்கு டெத்மேட்ச் எப்படி அமைப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில், ஒரே டிவியில் அண்ணன் தம்பி நால்வர். நிண்டெண்டோ 64 கன்சோலில் 2000-இல் வந்த துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் பர்ஃபெக்ட் டார்க். அதில் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் டெத்மேட்ச். ஆட்டம் சலிக்காமல் இருக்க வேண்டும், சின்னவனும் தோற்றுக்கொண்டே இருக்கக்கூடாது. இதுதானே கேள்வி?

முதலில் கன்சோலின் நினைவகத்தைக் கூட்டும் எக்ஸ்பான்ஷன் பாக் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு, கன்சோலோடு வந்த ஜம்பர் பாக்கைக் கழற்றி, அதே இடத்தில் எக்ஸ்பான்ஷன் பாக்கை அழுத்திச் செருகுங்கள். சரியாக உட்காராவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

பிறகு பலர் சேர்ந்து ஆடும் பகுதியான காம்பாட் சிமுலேட்டரில் அட்வான்ஸ்டு செட்டப்பைத் திறங்கள். ஆயுதங்களுக்கு ஆறு இடங்கள் உண்டு. எல்லாவற்றையும் ராக்கெட்டால் நிரப்பத்தான் எல்லாருக்கும் ஆசை. ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். மூன்று இடத்தில் சாதாரணத் துப்பாக்கிகள், ஒன்றில் டிராகன் என்ற இயந்திரத் துப்பாக்கி, ஒன்றில் ராக்கெட், கடைசியில் அடியைத் தாங்கும் ஷீல்ட். ஃபார்சைட்டை மட்டும் சேர்க்காதீர்கள்: சுவருக்கு அப்பால் பார்த்துச் சுடும் துப்பாக்கி அது, வைத்தால் சண்டைதான். சில ஆயுதங்கள் சேலஞ்ச் முடித்தால்தான் திறக்கும்.

சின்னவனுக்கு ஹேண்டிகேப்பை, அதாவது அடி தாங்கும் பலத்தை, கூட்டிவிடுங்கள். கணினி எதிரிகளான சிமுலண்ட்களை எட்டு வரை சேர்க்கலாம். ஆனால் நால்வர் ஆடும்போது எட்டும் இறங்கினால் படம் திக்கித் திக்கி நகரும். மீட்சிம் வகைச் சிமுலண்ட் இரண்டு போதும், அவை மந்தமானவை. ஒரே அடியில் சாகவைக்கும் 'ஒன் ஹிட் கில்' வேண்டாம், ஹேண்டிகேப் வீணாகிவிடும். முடிந்ததும் அமைப்பைச் சேமித்து வையுங்கள்.