பாஸ் வாங்கும் முன் மண்டல வரைபடத்தைப் பாருங்கள்

கேள்வி: புறநகர் விரைவுப் பேருந்தில் தினமும் வேலைக்குப் போகிறேன். இரண்டாம் மண்டலத்தில் ஏறி முதல் மண்டலத்தில் இறங்குகிறேன். எனக்கு அடுத்த நிலையத்தில் ஏறுபவர் ஒரு மண்டலக் கட்டணம்தான் கொடுக்கிறார். நான் இரண்டு மண்டல மாத பாஸ்தான் வாங்க வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஊரை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டணம் வாங்கும் முறையில் எத்தனை நிலையம் போகிறீர்கள் என்பதற்குக் கணக்கே இல்லை; எத்தனை மண்டலத்தில் கால் வைக்கிறீர்கள் என்பதற்குத்தான் காசு. மண்டல எல்லையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன். அதைக் குறைக்கத்தான் பல ஊர்களில் எல்லை நிலையங்களை இரண்டு மண்டலத்திலும் சேர்க்கிறார்கள். வரைபடத்தில் அந்த நிலையம் இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் இருக்கும், அல்லது பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண்களும் போட்டிருக்கும். அங்கே ஏறினால் எது மலிவோ அந்தக் கட்டணம்தான். பக்கத்து நிலையம் அப்படிப்பட்டதாக இருக்கலாம். நடந்தோ சைக்கிளிலோ அங்கே போக முடிந்தால் ஒரு மண்டல பாஸே போதும்.

முடியாதென்றால் பாஸ் விலையை ஒரு நடைக்கான கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். விடுமுறை, லீவு எல்லாம் கழித்து மாதத்தில் அதைவிட அதிக நடை போவீர்களானால்தான் பாஸ் லாபம். ஒரு மண்டல பாஸோடு, மிச்ச மண்டலத்துக்குக் கூடுதல் டிக்கெட் தரும் ஊர்களும் உண்டு. அதைப் பேருந்தில் ஏறும் முன்பே எடுத்துவிடுங்கள். விரைவுப் பேருந்தில் பெரும்பாலும் டிக்கெட் எடுப்பது நிலையத்திலேயே முடிந்துவிடும். உள்ளே வருபவர் பரிசோதகர், அவரிடம் டிக்கெட் கேட்டால் அபராதம்தான் கிடைக்கும்.

கேள்வி: இறங்கும்போது பயணக் கார்டை மெஷினில் வைக்க மறந்தால் என்ன ஆகும்?

பதில்: தூரத்துக்கு ஏற்றபடி காசு எடுக்கும் தடமென்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். 2007-இல் தொடங்கிய இஸ்தான்புல் மெட்ரோபஸ் என்ற விரைவுப் பேருந்துத் தடத்தில், நுழையும்போதே முழுத் தூரத்துக்கான கட்டணத்தைக் கழித்துவிடுவார்கள். பாதியில் இறங்குபவர் வெளியேறும் வழியில் இருக்கும் மெஷினில் கார்டை வைத்தால் மிச்சப் பணம் கார்டில் ஏறிவிடும். வைக்காமல் போனால் போனதுதான். வேறு பல ஊர்களிலும், எங்கே இறங்கினீர்கள் என்று தெரியாவிட்டால் அதிகபட்சக் கட்டணத்தை எடுத்துக்கொள்வார்கள்.

மறந்துவிட்டால் அன்றே கார்டின் பயணப் பட்டியலை எடுத்து, தேதி, நேரம், ஏறிய நிலையம், இறங்கிய நிலையம் நான்கையும் எழுதி வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்புங்கள். பணத்தைத் திருப்பித் தரும் விதி இருக்கும் ஊரில் அதற்குக் காலக்கெடுவும் இருக்கும்.