புராஜெக்டை விலைக்கு வாங்காதீர்கள், ரெஃபரன்ஸ் பிரிவுக்கு அனுப்புங்கள்

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறாள். பட்டப்படிப்பு புராஜெக்டுக்கு ஊர்க் குளங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று அவளே தலைப்பும் வாங்கிவந்தாள். ஒரு மாதமாகக் கைப்பேசியில் தேடுகிறாள். மாவட்டத்தைப் பற்றி ஒரு தளத்தில் ஓர் எண், அடுத்ததில் வேறோர் எண் என்று குழம்பி அழுகிறாள். சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் சித்தப்பா, "புராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து முடிச்சிரலாம் அண்ணி. அந்த நேரத்துல அறுபதாயிரம் கட்டி டேட்டா சயின்ஸ் படிக்கட்டும். வரலாறு சோறு போடாது" என்கிறாராம்.

கவலைப்படாதீர்கள் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை அம்மா. இரண்டு யோசனையும் தவறு. விலைக்கு வாங்கும் புராஜெக்ட் பெரும்பாலும் ஏற்கெனவே நாலு பேருக்கு விற்ற பிரதிதான். நகல் சோதனையில் மாட்டாவிட்டாலும், வைவா எனும் வாய்மொழித் தேர்வில் "இந்த எண்ணை எங்கே எடுத்தாய்?" என்ற ஒரே கேள்வியில் பிள்ளை திணறிப்போவாள். டேட்டா சயின்ஸ் நல்ல துறைதான், ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. பிள்ளை கேட்காத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

குழப்பத்தின் காரணம் அவளிடம் இல்லை, தேடும் இடத்தில் இருக்கிறது. 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுகள் வரவில்லை. தென்காசி மாவட்டம் பிறந்ததோ 2019 நவம்பரில். 2011-இல் அது திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. ஆகவே "2011 கணக்கெடுப்பின்படி தென்காசி மாவட்டம்" என்று ஒரு தளம் எண் கொடுத்தால், அது யாரோ கூட்டிப்போட்ட எண். எந்த ஊர்களைச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்துத் தளத்துக்குத் தளம் மாறும். கடையநல்லூர், திருவேங்கடம் வட்டங்களும் அந்தக் கணக்கெடுப்பில் தனியாக இல்லை. அவளே கூட்டினால் மட்டுமே எண்ணுக்குப் பொறுப்பேற்க முடியும்.

கூட்டுவதற்கு வேண்டியது திருநெல்வேலி மாவட்டத்தின் 2011 கணக்கெடுப்புக் கையேடு. கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் இலவசமாக இறக்கலாம். அதன் 'ஏ' பாகத்திலுள்ள கிராம விவரப் பட்டியலை யாரும் புரட்டுவதில்லை. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் நிலப் பயன்பாடு ஹெக்டேரில் இருக்கும். பாசனப் பரப்பைக் கால்வாய், கிணறு, குளம் என்று பிரித்தும் கொடுத்திருப்பார்கள். குளத்தைப் பற்றி எழுதுகிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்! அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்குத் தமிழக அரசின் பொருளியல் புள்ளியியல் துறை வெளியிடும் பருவமும் பயிரும் அறிக்கை இருக்கிறது. அதில் பசலி ஆண்டு (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு) என்று போட்டிருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்த ஆண்டு தொடங்கும் ஜூலை எந்த ஆண்டினது என்று தெரியும்: பசலி 1430 என்றால் 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை.

பழைய காலத்துக்கு எச்.ஆர். பேட் தொகுத்த திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு நூல்), 1917. வேளாண்மை, பாசனம் பற்றிய பகுதியை முதலில் படிக்கட்டும். கடைசி அத்தியாயம் வட்டம் வட்டமாக ஊர்களைச் சொல்லும். ஆங்கிலேயர் எழுதிய ஊர்ப்பெயர் எழுத்துகளில்தான் தேட வேண்டும், இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் 'இல்லை' என்றே வரும். பரப்பு ஏக்கரில் இருக்கும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அந்த ஊர்க் குளங்களைப் பேட்டின் நூலில் தேடுவது வீண். 1906-இல் நாகமையா எழுதிய திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவலைப் பார்க்க வேண்டும். இரண்டும் இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) கிடைக்கின்றன.

பாசனம் பற்றிய பொது அறிமுகத்துக்குப் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியம் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் முழுவதும் இருக்கிறது. 1954 முதல் 1968 வரை வந்தது, அதாவது இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வருவதற்கு முன்பு. கருத்துக்கும் வரலாற்றுக்கும் அதை நம்பலாம், இன்றைய புள்ளிவிவரத்துக்குக் கூடாது. விக்கிப்பீடியாவைப் படிக்கட்டும், ஆனால் சான்றாகக் காட்ட வேண்டாம். அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியல்தான் அதில் பயன். செயற்கை நுண்ணறிவுச் செயலி சொல்லும் நூற்பெயரை, நூலகப் பட்டியலில் கண்ணால் பார்க்கும்வரை எழுதவே கூடாது. இல்லாத நூலுக்கும் அது ஆசிரியர் பெயரோடு ஆண்டும் சொல்லும்.

ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, அதாவது இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, வரலாறு, பொருளியல் துறைகளில் பாசனம் என்று தேடலாம். ஆய்வேடுகளின் தரம் ஏறும் இறங்கும். ஆகவே அதன் முடிவை அப்படியே எடுக்காமல், நூற்பட்டியலிலிருந்து மூல நூலைத் தேடிப் போக வேண்டும். ஆய்விதழ்களைக் கல்லூரி வழியாகப் படிக்க மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அரசுக் கல்லூரிகள் அதில் வரும். கல்லூரி பதிவு செய்திருக்கிறதா, உள்நுழைவது எப்படி என்று நூலகரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால்தான் கிடைக்கும், யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள்.

இனி, அவள் நேரில் போக வேண்டிய இடம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தின் குறிப்புதவி (ரெஃபரன்ஸ்) பிரிவு. அங்குள்ள நூல்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள், உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். "குளம் பற்றிப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டால் பாதி நாள் வீணாகும். "1917 கெசட்டியர், 1961 கணக்கெடுப்பின் கிராம ஆய்வு வெளியீடுகள், மாவட்டப் புள்ளிவிவரக் கையேடு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் பூட்டிய அலமாரி திறக்கும். ஜெராக்ஸ் எடுக்கும்போது முகப்புப் பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். பக்க எண், பதிப்பித்த ஆண்டு இல்லாத நகல் வெறும் தாள். பெரும்பாலான பிள்ளைகள் இங்கேதான் சறுக்கி, சமர்ப்பிக்கும் வாரத்தில் மறுபடி பஸ் ஏறுகிறார்கள்.

சித்தப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: ஓர் எண் எங்கிருந்து வந்தது, யார் எண்ணினார்கள், எல்லை மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் தரவு வேலையின் முதல் படி. அதை அவள் இப்போதே காசில்லாமல் கற்கிறாள்.

இந்தத் தேடலே அவளுக்குப் பிடித்துப்போனால், எந்தப் பட்டத்துக்குப் பிறகும் படிக்கக்கூடிய ஓராண்டு நூலக அறிவியல் பட்டம் உண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் அதற்கென்று தனிப் பாடமும், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் நூலகப் பணிகளுக்கான தேர்வும் இருக்கின்றன. பணியிடங்கள் குறைவு என்பதை மறைக்கமாட்டேன். முடிவெடுக்கப் பட்டம் வாங்கும்வரை நேரமிருக்கிறது. இந்த வாரம் அந்த அறுபதாயிரத்தைக் கட்டாதீர்கள். பஸ் செலவுக்கும் ஜெராக்ஸுக்கும் சில நூறு ரூபாய் அவள் கையில் கொடுங்கள், கெசட்டியர் பக்கங்களோடு வரட்டும்.