ஓதம் ஏறிய சுவர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் கும்பகோணம் வீட்டுக்கு 80 வயதுக்கு மேல் இருக்கும். கூடத்துச் சுவர் தரையிலிருந்து மூன்றடி வரை பொரிந்து உதிர்ந்தது. போன வருஷம் அதைக் கொத்தி எடுத்து சிமென்ட் பூசி, வாட்டர்ப்ரூஃப் பெயின்டும் அடித்தோம். இப்போது அந்தப் பூச்சுக்கு மேலே, ஐந்தடி உயரத்தில் பொரிகிறது. ஏன்?

உங்கள் வீடு சுண்ணாம்புக் காரையால் கட்டியதாக இருக்கும். அந்தக் காலத்துச் சுவர்களில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் மண்ணின் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். சுவர் திறந்திருந்தால் அந்த நீர் மூன்றடி ஏறுவதற்குள் காற்றில் உலர்ந்துவிடும். நீங்கள் பூசிய சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. நீர் குறையவில்லை, வெளியேற இடம் தேடி மேலே போயிருக்கிறது.

இதே நிலையில் இருந்த ஒரு வீட்டில் சிமென்ட் பூச்சைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் டொக் டொக்கென்றது. உளியை நுழைத்ததும் இரண்டடி அகலத்துக்குப் பூச்சு அப்படியே கழன்று வந்தது. பின்னால் செங்கல்லின் முகம் மாவாகக் கொட்டியது. அதன் மேல் உப்பு பஞ்சுபோலப் பூத்திருந்தது. அழகாகப் பூசிய அந்தச் சிமென்டுக்குள்ளே சுவர் மெல்லக் கரைந்துகொண்டிருந்ததைப் பார்க்க வயிறு கலங்கியது.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, தெரு உங்கள் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கிறதா? சுவரை ஒட்டி மண்ணோ, உடைந்த சாக்கடையோ இருக்கிறதா? குளியலறைக் குழாய் கசிகிறதா? அதைச் சரிசெய்யாமல் உள்ளே செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

பிறகு, பொரிந்த இடத்துக்கு ஓரடி மேல் வரை சிமென்டை எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமையாக விடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது. உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். ஐப்பசி மழைக்கு முன் சுண்ணாம்புக் கலவையால் மெல்லிய கோட்டுகளாகப் பூசி, மேலே வெள்ளையடித்தால் போதும். பட்டி, எமல்ஷன் இரண்டும் வேண்டாம். சுவரில் துளையிட்டு ஈரத்தைத் தடுக்கும் மருந்து ஏற்றுகிறோம் என்று வருவார்கள். பழைய தடித்த சுவருக்குள் இடைவெளிகள் இருப்பதால் மருந்து சீராகப் பரவாது. நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன்.

திருவல்லிக்கேணியில் பழைய வீடு. படுக்கையறையில் ஏசி இருக்கிறது. அந்த அறை சுத்தமாக இருக்க, மறுபக்கம் ஹால் சுவரில் கருப்புப் புள்ளிகள் பிடிக்கின்றன. குழாய் எதுவும் அங்கே ஓடவில்லை.

குழாயைத் தேடிச் சுவரை உடைக்காதீர்கள். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே, அதிலுள்ள ஈரம் நீராக வடியத் தொடங்கும். ஏசியை 20-இல் ஓட்டினால் ஹால் பக்கச் சுவர் அந்த 26 டிகிரிக்கும் கீழே குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த சொம்பின் வெளியே வியர்க்குமே, அதேதான். சந்தேகமிருந்தால் ஓரடி சதுர அலுமினிய ஃபாயிலை நான்கு ஓரமும் டேப் போட்டு ஹால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஃபாயிலின் மேல் ஈரம் படிந்தால் அது காற்றின் ஈரம். அடியில் இருந்தால் சுவரின் ஈரம். ஏசியை 26-க்கு ஏற்றுங்கள், ஹாலில் மின்விசிறி ஓடட்டும், சமையலறை ஆவி அங்கே வராமல் எக்ஸாஸ்ட் போடுங்கள்.

பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை. பேரனுக்கு இளைப்பு வேறு. வினிகர் போடலாமா, பிளீச்சிங் போடலாமா?

அம்மா, முதலில் பேரனை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா தொல்லை கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே எச்சரித்திருக்கிறது. சுண்ணாம்புச் சுவருக்கு வினிகர் ஆகாது. அமிலம் பூச்சை அரிக்கும். பிளீச்சிங் கறையை வெளுக்கும், ஆனால் அதன் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். இரண்டையும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். என்-95 முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வையுங்கள்.

மழை நாளில் ஈரச் சுவரிலுள்ள ஸ்விட்ச் போர்டைத் தொட்டால் சுர்ரென்கிறது.

இப்போதே மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் பொருத்தச் சொல்லுங்கள். சுவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை. மழை பெய்தால் மட்டும் உத்தரம் சுவரில் சேரும் இடத்தில் ஈரம் இறங்குகிறது. மாடியில் தண்ணீர் கட்டிப் பார்க்கலாம் என்கிறார் கொத்தனார்.

வேண்டாம். பத்துக்குப் பத்து அறையின் மேல் நான்கு அங்குலம் தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட ஒரு டன் எடை. நனைந்த பழைய உத்தரத்தின் தலையில் அதை ஏற்றுவதா? மாடித் தரையில் பதித்த தட்டோட்டின் இணைப்புகள், கைப்பிடிச் சுவரின் அடி, இலை அடைத்த நீர்த்தூம்பு, இந்த மூன்றையும் பாருங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உத்தரத்தின் முனையை ஆசாரியிடம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மெத்தென்று இறங்கினால், அன்றைக்கே கீழே முட்டுக் கொடுத்துவிடுங்கள்.