மறுமொழி: கடை திருப்பாதிரிப்புலியூர்ல, கூகுள் மேப் காட்டுறது ஓ.டி.யில (கடலூர் ஓல்டு டவுன்)

வணக்கம். உங்க மொபைல் சர்வீஸ் கடை திருப்பாதிரிப்புலியூர்ல இருக்க, மேப் அதை ஓ.டி.யில துறைமுகம் ஜங்ஷன் ரயில் நிலையம் பக்கம் காட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. முகவரியில வெறும் ‘ஸ்டேஷன் ரோடு, கடலூர்’னுதான் இருக்கு. ஊர்ல ரெண்டு ஸ்டேஷன் ஆச்சே, அதான் மேப்ல கடையைக் காட்டுற குறி (பின்) ஓ.டி. பக்கம் போய் விழுந்திருக்கு.

தயவுசெய்து கூகுள் மேப்ல கடைக்குப் புதுசா இன்னொரு பதிவு போட்டுடாதீங்க. ஒரே கடைக்கு ரெண்டு இருந்தா டூப்ளிகேட்னு கூகுள் நிறுத்திவெச்சிடலாம். பழையதையே உங்க ஜிமெயில்ல கிளெய்ம் பண்ணுங்க, அதாவது இது என் கடைதான்னு உரிமை கோருங்க.

கடை உங்களோடதுதானான்னு சரிபார்க்க கூகுள் பெரும்பாலும் வீடியோ கேக்கும். வெட்டாம ஒரே டேக், 30 நொடிக்குக் குறையாம: தெருப் பெயர்ப்பலகை, கடை போர்டு, அப்புறம் நீங்களே சாவி போட்டு ஷட்டரைத் தூக்குறது. போர்டுல இருக்கிற பேரும் பதிவுல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும், நிறைய பேருக்கு இங்கதான் மாட்டுது. பேரோட ‘பெஸ்ட் சர்வீஸ் கடலூர்’னு ஏதாவது ஒட்டியிருந்தா முதல்ல எடுத்துடுங்க. பரிசீலனைக்கு 5 வேலைநாள் வரை ஆகலாம்.

அது முடிஞ்சதும் சாட்டிலைட் வியூவுல நல்லா பெருசாக்கி, பின்னை கட்டடத்து நடுவுல வைக்காம ஷட்டர் வாசல்லயே வையுங்க. முகவரியில பகுதிப் பேரும் 607002-ங்கிற பின்கோடும் கட்டாயம் இருக்கட்டும்.